கட்டாயத்தில் பிறக்குமா மொழி?

இன்றைய அல்ஜீரியாவின் கிழக்கே, ரோமானியர் ஆட்சிக் காலத்தில் தகாஸ்தே என்ற சிற்றூர் இருந்தது. கி.பி. 354இல் அங்கே பிறந்த ஒரு சிறுவன் கடவுளிடம் மனமுருகிக் கேட்ட வரம், பள்ளிக்கூடத்தில் தன்மேல் அடி விழக்கூடாது என்பதுதான். வேண்டுதல் பலிக்கவில்லை. அவன் உடம்பில் விழுந்த தடிப்புகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கெடுதல் நினைக்காத பெற்றோரும் சேர்ந்து சிரித்தார்கள். நாற்பது வயதைக் கடந்து, ஹிப்போ நகரின் ஆயராகிவிட்ட பிறகும் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை. கிறித்தவச் சிந்தனையின் போக்கையே தீர்மானித்தவர்களில் ஒருவரான புனித அகுஸ்தீன்தான் அவர். தம் வாழ்வைக் கடவுள் முன் திறந்துவைத்து எழுதிய நூலின் முதல் பகுதியிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்.

அதே பகுதியில் இரண்டு மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறார். லத்தீன் அவருக்கு வீட்டில் வந்த மொழி. செவிலியர் கொஞ்சியபோதும், சுற்றியிருந்தவர்கள் சிரித்து விளையாடியபோதும், மனத்தில் இருப்பதை எப்படியாவது வெளியே சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பிலும் அது வந்து ஒட்டிக்கொண்டது. கிரேக்கம் பள்ளியில் வந்தது. மிரட்டலோடும் பிரம்போடும் வந்தது. ஹோமரின் கதைகள் இனியவை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் சிறுவயதில் அவை கசந்தன. கிரேக்கம் அவருக்குக் கடைசிவரை சரளமாகக் கைவரவில்லை. மொழி கற்பதில் பயத்தைவிடத் தடையில்லாத ஆவலுக்கே வலிமை அதிகம் என்ற முடிவுக்கு அவர் தம் அனுபவத்திலிருந்தே வந்தார்.

பதினாறு நூற்றாண்டுகள் போய்விட்டன. பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் இன்றும் இதைத்தான் பேசுகிறார்கள்: "போனை கொடுத்தா மணிக்கணக்கா பாக்குறான், புத்தகத்தைத் தொடவே மாட்டேங்குறான்." வகுப்பில் ஆசிரியர் சொல்வது இன்னொரு விதம்: "எழுத்துக்கூட்டிப் படிச்சிடுறா சார், என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிறா." இந்தப் பேச்சைப் பாடமுறை பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டு, எந்த அட்டை, எந்தப் படம், எத்தனை நிமிடம் என்று தீர்வு தேடுகிறோம். அதன் அடியில் இருப்பது அறம் பற்றிய ஒரு கேள்வி. நன்மை என்று நாம் உறுதியாக நம்பும் ஒன்றை, அதை விரும்பாத இன்னொரு உயிரின்மேல் சுமத்த நமக்கு என்ன உரிமை? சமயங்கள் நெடுங்காலமாக மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது. வாசிக்க மறுக்கும் குழந்தையின் முன்னால் உட்காரும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அதற்குள் வந்துவிடுகிறார்.

அகுஸ்தீனே அதற்கு ஒரே பதிலில் நிற்கவில்லை. ஆவலின் வலிமையைச் சொன்ன கையோடு, அந்த ஆவல் கட்டறுத்துக்கொண்டு ஓடாமல் இருக்கக் கட்டாயமும் வேண்டும், ஆசிரியரின் பிரம்பிலும் கடவுள் கலந்து தரும் மருந்தின் கசப்பு இருக்கிறது என்றும் எழுதினார். பிற்காலத்தில், திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற தொனாத்தியர்களை அரசின் பலத்தால் திரும்பச் சேர்ப்பதை ஆதரித்தபோது, லூக்கா நற்செய்தியில் வரும் விருந்து உவமையைத் துணைக்கு அழைத்தார். வழியில் போகிறவர்களைக் கட்டாயப்படுத்தியாவது அழைத்து வரும்படி அதில் வீட்டுத் தலைவர் பணியாளிடம் சொல்வார். அடிக்குப் பயந்து அழுத சிறுவனும், கட்டாயத்துக்கு நியாயம் சொன்ன ஆயரும் ஒரே மனிதர். இந்த முரணை அவருடைய குறையாக மட்டும் பார்த்து ஒதுக்கிவிட முடியாது. தன் பிள்ளைக்கு நல்லது நினைக்கும் ஒவ்வொரு தாய் தகப்பனுக்குள்ளும் அந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

கட்டாயத்தின் பக்கம் ஒரு துளிகூடச் சாயாமல் இதைச் சோதித்துப் பார்த்தவர் டால்ஸ்டாய். 1859இல், ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, யாஸ்னயா பொல்யானாவில் தம் வீட்டிலேயே குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குப் போய் ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று பள்ளிகளாகப் பார்த்துவந்தார். ஜெர்மானியப் பள்ளியொன்றில் கண்ட மனப்பாடமும் அடியும் மிரண்ட முகங்களும் அவரை உலுக்கிவிட்டன. ஊர் திரும்பிப் பள்ளியை இன்னும் தீவிரமாக நடத்தினார். பிள்ளைகள் வரும்போது கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். புத்தகமும் இல்லை, நோட்டும் இல்லை. வீட்டுப்பாடம் கிடையாது. தாமதமாக வந்தால் திட்டு கிடையாது. பெஞ்சிலோ சன்னல் விளிம்பிலோ தரையிலோ விரும்பிய இடத்தில் உட்காரலாம். பாடம் பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வீட்டுக்கே போய்விடலாம். ஒருவரை இன்னொருவர் தம் விருப்பத்துக்கு ஏற்ப வார்த்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை.

இவ்வளவு சுதந்திரம் கொடுத்தும் பிள்ளைகள் வாசிக்கவில்லை. கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. எழுத்து தெரிந்துவிட்டது, சத்தமாக ஒப்பிக்கவும் வந்துவிட்டது. ஆனால் கையில் கொடுத்த இலக்கியம் உள்ளே இறங்கவில்லை. 'ராபின்சன் குரூசோ'வை ஒரு மாதம் எடுத்துப் பார்த்தார். முடிவில் அந்தப் பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு வெறுப்பு வந்தது. புஷ்கினின் ஒரு சிறுகதையைக் கொடுத்தார். படித்ததைத் திருப்பிச் சொல்ல அவர்களால் முடியவில்லை. கோகோலும் கைகொடுக்கவில்லை. ரஷ்ய எழுத்தின் உச்சங்களில் ஒருவர், தம் மொழியின் மிகச் சிறந்த படைப்புகள் தம் ஊர்ப் பிள்ளைகளிடம் தோற்றுப்போனதைத் தாம் நடத்திய இதழில் ஒளிவுமறைவின்றி அச்சிட்டார். பழியைப் பிள்ளைகள்மேல் போடவில்லை. அவர்கள் பேசும் மொழிக்கும் புத்தக மொழிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைக் கடக்கப் பாலமாக எந்த எழுத்தும் இல்லை என்று சொன்னார்.

எது எடுபட்டது? நாட்டுப்புறக் கதைகள், பழமொழிகள், விடுகதைகள். அவற்றோடு பழைய ஏற்பாடு. அதைப் புத்தகமாகக் கையில் கொடுக்கவில்லை, வாயால் சொன்னார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கேட்டார்கள். பிறகு அந்தக் கதைகளை ஒருவருக்கொருவர் திரும்பச் சொன்னார்கள், எழுதினார்கள். அந்தக் கதைகள் வழியாகவே பிள்ளைகளுக்குப் படிப்பின்மேலும் தம்மேலும் அன்பு பிறந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். பின்னாளில் திருச்சபையோடு முரண்பட்டு அதிலிருந்து விலக்கவும்பட்டவர் டால்ஸ்டாய் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். வேதத்தைக் கோட்பாடாக அவர் திணிக்கவில்லை. தகப்பன், மகன், பொறாமை, பஞ்சம், வீடு விட்டுப் போதல் என்று ஒரு குடியானவச் சிறுவனுக்குத் தெரிந்த உலகமே பிரம்மாண்டமாக விரிவதை அவன் காதில் விழச் செய்தார்.

அந்தப் பள்ளியில் நடந்த ஒரு மாலையை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஊட்டிவிடுகிற கரண்டியின் காம்பாலேயே கண்ணைக் குத்துவதைப் பற்றி ரஷ்யாவில் ஒரு பழமொழி உண்டு. உதவி செய்துகொண்டே நோகடிப்பவர்களைச் சொல்வது. அதை வைத்து ஒரு கதை எழுதச் சொன்னார் டால்ஸ்டாய். யாராலும் ஆகவில்லை. சரி என்று அவரே எழுத உட்கார்ந்தார். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். எழுதியதை வாசித்துக் காட்டினார், அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கதையில் வரும் கிழவர் அப்படிப் பேசமாட்டார், இப்படிச் செய்யமாட்டார் என்று திருத்தத் தொடங்கினார்கள். மெல்ல மெல்ல மற்றவர்கள் கலைந்துபோக, ஃபேத்கா, சியோம்கா என்ற இரண்டு பையன்கள் மட்டும் நின்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல டால்ஸ்டாய் எழுதினார். இரவு ஏழு மணிக்குத் தொடங்கியது பதினொன்று வரை போனது. பசியும் தெரியவில்லை, தூக்கமும் வரவில்லை. எழுதுவதை நிறுத்தியபோது அவர்களுக்குக் கோபம் வந்தது.

கதையில் ஒரு பாத்திரம் வெளியே கிளம்புகிறது. அந்த ஆள் ஒரு பெண்ணின் கம்பளி மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டான் என்று எழுதச் சொன்னான் ஃபேத்கா. ஏன் பெண்ணின் அங்கி? டால்ஸ்டாய்க்கு முதலில் பிடிபடவில்லை. யோசித்தபோது தெரிந்தது: குடியானவன் வீட்டில் அவசரத்துக்குக் கைக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் தோளில் போட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு துணியில் அந்த வீட்டின் வறுமை, அந்த மனிதனின் உடல்வாகு, அந்த மாலைப்பொழுது எல்லாம் வந்துவிட்டன. பெரிய எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கற்கும் வித்தை அது. ராபின்சனைத் திருப்பிச் சொல்ல முடியாத வகுப்பிலிருந்துதான் அது வந்தது. இந்த அதிர்ச்சியில் அவர் 1862இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, யார் யாரிடம் எழுதக் கற்க வேண்டும், குடியானவர் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்று கேட்கிறது.

வாசிக்க மறுக்கும் பிள்ளையிடம் மொழி இல்லை என்று முடிவு கட்டிவிடுவதுதான் நாம் செய்யும் முதல் அநியாயம். மொழி இருக்கிறது. அதைக் கேட்க ஆள் இல்லை. நான்கு மணி நேரம் ஒரு பெரியவர் தான் சொல்வதற்காகப் பேனாவோடு காத்திருக்கிறார் என்பதை ஃபேத்கா கண்டான். அவன் வாயிலிருந்து கிளம்பிய சொல் மை ஆகி, காகிதத்தில் உட்கார்ந்து, வாசித்துக் காட்டும்போது தன்னிடமே திரும்பி வந்ததைக் கேட்டான். எழுத்து எதற்கு என்று அதற்குமேல் யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பள்ளி நீண்ட நாள் நடக்கவில்லை. 1862 கோடையில் டால்ஸ்டாய் ஊரில் இல்லாதபோது போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டது. திருமணம், பெரும் நாவல் என்று வாழ்க்கையும் திசை மாறியது. ஆனால் பாலம் இல்லை என்ற குறையை அவர் மறக்கவில்லை. 'போரும் அமைதியும்' முடித்த பிறகு, பிள்ளைகளுக்கான அரிச்சுவடி ஒன்றில் இறங்கினார். அது 1872இல் வந்தது. திருத்தி எழுதிய புதிய பதிப்பு 1875இல் வந்தது. சில வரிகளே கொண்ட கதைகள், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் வாக்கியங்கள். ஈசாப்பின் கதைகளையும் அதில் சேர்த்தார். அரிச்சுவடியில் இறங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, யாரும் சொல்லாமல் தாமாகவே கிரேக்கம் கற்கத் தொடங்கி, சில மாதங்களில் செனபோனையும் ஹோமரையும் மூலத்திலேயே படித்துவிட்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் எழுகிறது. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. டால்ஸ்டாய் ஜமீன்தார். சுதந்திரம் பற்றிப் பேச அவரால் முடியும். எழுத்து தெரியாததால் ஏமாற்றப்பட்ட பரம்பரையில் வந்த பிள்ளைக்கு, பிடிக்காவிட்டால் படிக்காதே என்று சொல்வது கருணையா? 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூட்டிப்போன முதல் தொகுதிக் கூலிகள் அதில் இருந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் போனார்கள். தங்கள் பெயரை எழுதத் தெரியாமலே ஒப்பந்தத்துக்குள் போனவர்கள் அவர்களில் ஏராளம். டிரான்ஸ்வாலில் 1907இல் வந்த சட்டம் ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. எழுத்து அங்கே அலங்காரம் இல்லை. சட்டத்தைப் படிக்க, மனு எழுத, பத்திரிகை வாசிக்க அது வேண்டும். 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆரம்பத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் வந்தது அதனால்தான்.

அந்தத் தமிழர்களின் பிள்ளைகளோடுதான் இந்தக் கேள்வி அடுத்த சோதனைக்கு வந்தது. வந்த இடத்தின் பெயரும் டால்ஸ்டாய் பண்ணை.

1910இல் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் தமக்குச் சொந்தமான 1,100 ஏக்கர் நிலத்தை, அந்தச் சட்டத்தை எதிர்த்த சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்கக் கொடுத்தார். சிறைக்குப் போனவர்களின் மனைவி மக்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. தமிழர், குஜராத்திகள், ஆந்திரர், வடஇந்தியர்; இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவர். இருபது முப்பது பிள்ளைகள். அவர்களுக்குப் பள்ளி வேண்டும், ஆனால் ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. காந்தியும் காலன்பாக்கும் தாங்களே கற்பித்தார்கள். காலையில் எல்லோருக்கும் தோட்ட வேலை, வீட்டு வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பாடம். மண்வெட்டி பிடித்த உடம்பு சாப்பிட்டதும் தூக்கத்துக்குத்தான் கெஞ்சும். பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள், வாத்தியாருக்கும் கண் செருகியது. கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டும், நடுவில் விளையாட்டுக் காட்டியும் சமாளித்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார்.

தமிழ்ப் பாடம் நடந்த விதம்தான் அற்புதம். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். எழுத்து சுத்தமாகத் தெரியாது. அவர்களுக்கு அதைக் கற்றுத்தர இருந்தவர் ஒரு குஜராத்தி. கப்பல் பயணங்களிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு படித்த தமிழ்தான் அவரிடம் இருந்தது. திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன பாதிரியாரின் புத்தகம், கடல் கடந்த கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்பிக்க உதவியது. காந்திக்கு எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் தெரியும், பேச வராது. பிள்ளைகளுக்குப் பேச வரும், எழுத்து தெரியாது. ஆங்கிலம் அறியாத தமிழர் யாராவது காந்தியைப் பார்க்க வந்தால், அந்த மாணவர்கள்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்கள். தமக்குத் தெரியாததை அவர் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. அதனாலேயே அந்த வகுப்பு மகிழ்ச்சியாக நடந்தது என்பது அவர் கணிப்பு.

ஒரு பத்து வயதுப் பிள்ளையின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நாடே அறிந்த வக்கீல். அவர் சொல்வது வந்தவருக்குப் புரியவில்லை. வந்தவர் சொல்வது அவருக்குப் புரியவில்லை. இருவரும் தன் முகத்தைப் பார்க்கிறார்கள். தான் வாயைத் திறந்தால்தான் காரியம் நடக்கும். பேச்சுத்திறன் வளர்க்கும் பயிற்சி என்று இன்று நூறு வகை விற்கிறார்கள். தன் சொல் இன்னொருவருக்கு உண்மையிலேயே தேவைப்படுவதற்கு ஈடான பயிற்சி அவற்றில் எதுவும் இல்லை.

புத்தகம் பற்றியும் காந்திக்கு அங்கே ஒரு தெளிவு வந்தது. பிள்ளைகள் கண்ணால் வாங்குவதைவிடக் காதால் வாங்குவது அதிகம், அதற்குச் சிரமமும் குறைவு என்று கண்டார். எந்தப் புத்தகத்தையும் அவர்களோடு முதலிலிருந்து கடைசிவரை படித்ததாக அவருக்கு நினைவில்லை. தாம் படித்துச் செரித்ததைத் தம் பேச்சில் சொன்னார். படித்ததை நினைவில் வைக்கத் திணறியவர்கள், கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் கேள்வி தனியே நிற்பதன் நியாயம் அந்தப் பண்ணையில் நிரூபணமானது.

ஆனால் காந்தியும் கட்டாயத்தை முழுக்கக் கடந்துவிடவில்லை. அடங்காத ஒரு பையன்; பதினேழு வயது, நல்ல உடற்கட்டு. ஒருநாள் பொறுமை எல்லை மீற, ரூல்தடியை எடுத்து அவன் கையில் ஓங்கி அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடம்பு நடுங்கியது. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். அவன் நினைத்திருந்தால் திருப்பி அடித்திருக்க முடியும். அடியின் வலிக்காக அவன் அழவில்லை, தம் வேதனையைப் பார்த்துத்தான் அழுதான் என்று காந்தி எழுதினார். அன்று தம்முள்ளிருந்த மிருகத்தைக் காட்டிவிட்டோமோ என்ற உறுத்தல் அவரை விடவில்லை. இன்னொரு பக்கம், முறையான பள்ளிப்படிப்பைத் தங்களுக்குத் தராமல் விட்டுவிட்டார் என்று அவருடைய சொந்த மகன்களுக்கே மனக்குறை இருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை. அடித்தாலும் இழப்பு, விட்டாலும் இழப்பு. அந்தக் கணக்கை நேர்மையாக எழுதி வைத்தவர்கள் குறைவு என்பதால்தான் அவர் சொல்வதை நம்பத் தோன்றுகிறது.

டால்ஸ்டாயின் பாதிப்பில் வகுப்பறைக்குள் வந்த இன்னொருவரின் கதை இதைவிடக் கடுமையானது. தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் முதல் உலகப்போரின்போது, நற்செய்திகளைச் சுருக்கி டால்ஸ்டாய் எழுதிய நூலை எப்போதும் கூடவே வைத்திருந்தார். போர் முடிந்ததும் பெரும் சொத்தை உதறிவிட்டு, 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியாவின் மலையோரக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். பிள்ளைகளைக் கொண்டே ஒரு சொற்பட்டியல் எழுத வைத்தார். அவர்கள் வாயில் புழங்கும் சொற்கள், அந்த வட்டார வழக்கையும் விலக்காமல். அது 1926இல் தொடக்கப்பள்ளிக்கான அகராதியாக அச்சாயிற்று. அவர் உயிரோடிருந்தபோது வெளியான புத்தகங்கள் இரண்டுதான். ஒன்று உலகப் புகழ்பெற்ற தத்துவ நூல், மற்றது இந்த அகராதி. பிள்ளையின் பிழையை ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பதைவிட, அவனே தேடித் திருத்திக்கொள்ளட்டும், தன் எழுத்துக்குத் தானே பொறுப்பாகட்டும் என்பது அதன் நோக்கம்.

இவ்வளவு நுட்பமாக யோசித்தவர் அடித்தார். அடிக்கடி அடித்தார். 1926 ஏப்ரலில் அவரிடம் அடி வாங்கிய ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். அதோடு அவர் வேலையை விட்டுவிட்டார். பத்தாண்டுகள் கழித்து அந்தக் கிராமங்களுக்குத் திரும்பிப் போய், பெரியவர்களாகிவிட்ட பழைய மாணவர்களின் வீடுகளில் மன்னிப்புக் கேட்டார். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் முகம் கொடுக்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1953இல் வெளிவந்த அவருடைய பெரும் நூல், குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்று அகுஸ்தீன் எழுதிய பகுதியோடுதான் தொடங்குகிறது. பொருளைச் சுட்டிப் பெயர் சொன்னால் மொழி வந்துவிடும் என்ற படம் போதாது. சொல் என்பது சேர்ந்து வாழ்வதில், சேர்ந்து செய்யும் காரியங்களில் உயிர் பெறுவது என்று அங்கிருந்து வாதம் விரிகிறது. அந்தக் கிராம வகுப்பறைகள் இல்லாமல் அந்தச் சிந்தனை இந்த வடிவில் வந்திருக்குமா என்று அவரைப் படிக்கும் பலர் கேட்டிருக்கிறார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. டால்ஸ்டாய் சொன்ன பள்ளத்துக்கு நம் மொழியில் ஆழம் அதிகம். "அம்மா வந்துச்சு, சோறு போட்டுச்சு" என்று சொல்லும் பிள்ளையின் கையில், "அன்னை வந்தாள், உணவு பரிமாறினாள்" என்று இருக்கும் புத்தகத்தைக் கொடுக்கிறோம். அவள் திணறினால் வாசிப்பில் பின்தங்கியவள் என்று பதிவேட்டில் குறிக்கிறோம். உண்மையில் அவள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறாள்: எழுத்தை ஒலியாக்குகிறாள், அந்த ஒலியைத் தனக்குத் தெரிந்த தமிழாக்கப் பார்க்கிறாள். இரண்டாவதற்கு நாம் உதவுவதே இல்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதிக் காட்டினால் தமிழ் கெட்டுவிடாது. அதை வாசித்த கண்தான் அடுத்த மாதம் புத்தகத் தமிழையும் வாசிக்கப் போகிறது. எழுத்துத் தமிழ் அவளுக்குக் கட்டாயம் வேண்டும். நேட்டாலின் வரலாறு அதைத்தான் சொல்கிறது. போய்ச் சேர வேண்டிய அந்த ஊருக்கு அவள் தன் வீட்டு வாசலிலிருந்துதானே கிளம்ப முடியும்?

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வருகின்றன. ஒல்லியான, படம் நிறைந்த, ஒரு மூச்சில் முடிந்துவிடும் கதைகள். டால்ஸ்டாய் இல்லை என்று வருந்திய பாலத்தின் வகையைச் சேர்ந்தவை அவை. நல்ல முயற்சி. அதைக் கெடுக்க ஒரே வழி, நீ இன்னும் நுழையிலேயே இருக்கிறாயா என்று கேட்பது. நிலைகள் புத்தகத்துக்கு, பிள்ளைக்கு அவை பட்டமாக ஒட்டிவிடக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பையன் 'நுழை' புத்தகத்தை எடுத்துத் தம்பிக்கு வாசித்துக் காட்டினால், அவன் அந்த இயக்கத்தின் மிகச் சிறந்த வாசகன்.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இடைசெவல் கிராமத்துச் சம்சாரி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. இசையிலும் ஊர்ப் பேச்சிலும் கதைகளிலும் ஊறிய காது அவருக்கு. அந்தக் காதிலிருந்து வந்த தமிழில் எழுதினார். கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். விட்கென்ஸ்டைன் ஆஸ்திரியக் கிராமத்தில் பிள்ளைகளை வைத்துச் செய்ததை எந்தத் தமிழ் வகுப்பறையிலும் செய்யலாம் என்பதற்கு இவரே போதுமான சாட்சி. செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. பாட்டி சொல்லும் சொல், சந்தையில் கேட்ட சொல், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வழங்கும் சொல் என்று பிள்ளைகளே கொண்டுவந்து, பொருளும் எழுதி, பெயரும் போடட்டும். கடலூரில் ஒரு நோட்டு, கம்பத்தில் ஒரு நோட்டு. இரண்டிலும் வேறு வேறு சொற்கள் இருக்கும். எழுத்துப் பிழை நிறைய வரும். எந்த எழுத்து சரி என்று அவர்களுக்குள் சண்டையும் வரும். பாடப்புத்தகத்தை அவர்கள் தாமாக எடுத்துப் புரட்டுவது அப்போதுதான். அந்த நேரத்தில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாமல் இருப்பது கடினம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், பாடம் முடிக்க வேண்டிய அவசரத்தில், இன்னும் கடினம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான் என்று கேட்பதோடு, இந்த நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கினால், ஆசிரியருக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.